போர்டு மாறினால் விண்டோஸ் லைசன்ஸ் என்ன ஆகும்?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். உங்கள் அச்சகத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றும் 2019-இல் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. பில் போடும் மெஷினின் மதர்போர்டு, போன வாரம் கரண்ட் ஏறி இறங்கியதில் போய்விட்டது. அதே போர்டு இப்போது வருவதில்லை, புது போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றையும் மாற்றிவிடலாம், பழைய எஸ்எஸ்டியை (டேட்டா இருக்கும் டிஸ்க்) அப்படியே மாட்டினால் விண்டோஸ் தானாக வந்துவிடும் என்கிறார் கடைக்காரர். போர்டு மாறினால் லைசன்ஸ் போச்சு, புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார் உங்கள் மைத்துனர். இதில் யார் சொல்வது சரி, எம்எஸ் ஆபீஸ், டாலி, அந்தப் பழைய தமிழ் டைப்செட்டிங் சாப்ட்வேர் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் “நாளைக்கு யாராவது வந்து கேட்டால் மாட்டிக்கொள்ளக் கூடாது” என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் ஓடுமா என்பது ஒன்று. அதை ஓட்ட உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பது வேறு. கடைக்காரர் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறார், மைத்துனர் இரண்டாவதற்கு. அதனால்தான் இருவர் பேச்சும் ஒட்டவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் போர்டு, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி) மாற்றும் வேலை. அப்புறம் சிறிய அலுவலகங்களுக்கு எந்த மெஷினில் எந்த லைசன்ஸ் இருக்கிறது என்று கணக்கு எடுத்து வைக்கும் வேலை. நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்லும் இடத்தில் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் சொல்வேன். வழக்கு, நோட்டீஸ் என்று வந்துவிட்டால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

லைசன்ஸ் என்பது உங்களுக்கும் மைக்ரோசாப்டுக்கும் (அல்லது கம்ப்யூட்டரைச் செய்தவருக்கும்) இடையிலான ஒப்பந்தம். நிறுவும்போது ‘அக்செப்ட்’ என்று அழுத்திவிட்டுப் போகிறோமே, அதுதான். ஆக்டிவேஷன் என்பது அந்த ஒப்பந்தம் மீறப்படாமல் இருக்க வாசலில் நிறுத்தி வைத்த காவல்காரர். 2001-இல் எக்ஸ்பி வந்தபோதுதான் இந்தக் காவல்காரர் வீட்டுப் பயனர்கள் வரைக்கும் வந்தார். போர்டு, ப்ராசஸர், டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்ற பாகங்களை வைத்து மெஷினுக்கு ஒரு அடையாளம் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறார். ராம் கூட்டினாலோ டிஸ்க் மாற்றினாலோ பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார். போர்டை மாற்றினால் ‘இது வேறு மெஷின்’ என்று நிறுத்திவிடுவார். ஆனால் காவல்காரர் உள்ளே விட்டுவிட்டார் என்பதற்காக உங்களிடம் டிக்கெட் இருக்கிறது என்று ஆகிவிடாது. அவர் தவறுதலாக நிறுத்தினார் என்பதற்காக உங்கள் டிக்கெட் செல்லாததாகியும் விடாது. திரையில் ‘ஆக்டிவேட்டட்’ என்று வந்தால் எல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருந்த எத்தனையோ அலுவலகங்களில், பில்லைத் தேடியபோது ஒன்றும் இருக்கவில்லை.

போர்டு மாறினால் என்ன ஆகும் என்பது, அந்த மெஷினுக்குள் விண்டோஸ் எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்தது. பெட்டியாகவோ ஆன்லைனிலோ தனியாக வாங்கியிருந்தால் அது ரீடெய்ல். ஒப்பந்தம் அதில் தெளிவாக இருக்கிறது: உங்களுக்குச் சொந்தமான வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம், பழையதிலிருந்து எடுத்துவிட வேண்டும். போர்டு மட்டும் அல்ல, மொத்த மெஷினையே மாற்றினாலும் கவலை இல்லை. பெரிய பிராண்டு டெஸ்க்டாப்பாக, விண்டோஸோடு சேர்ந்து வந்திருந்தால் அது ஓஇஎம். அந்த லைசன்ஸ் மெஷினோடு பிறந்து மெஷினோடு போவது. விற்றால்கூட மெஷினோடு சேர்த்துத்தான் விற்கலாம். அசெம்பிள்ட் மெஷினுக்குக் கடைக்காரர் போட்டுக் கொடுக்கும் ‘சிஸ்டம் பில்டர்’ பேக்கும் ஓஇஎம் வகைதான், கேபினட்டின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நான்காவதாக வால்யூம் லைசன்ஸ் இருக்கிறது. அது நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டு வாங்குவது. அதில் பலருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. டெஸ்க்டாப் விண்டோஸுக்கு வால்யூமில் கிடைப்பது அப்கிரேடு உரிமை மட்டும்தான். அடியில் ஏற்கெனவே ஒரு தகுதியான விண்டோஸ் புரோ லைசன்ஸ் இருக்க வேண்டும். வெறும் மெஷினில் வால்யூம் விண்டோஸ் போட்டால், கீ (நிறுவும்போது தட்டும் ரகசிய எண்) அசலாகவே இருந்தாலும் லைசன்ஸ் முழுமையாகாது.

உங்கள் மெஷின் பிராண்டடா அசெம்பிள்டா என்று நீங்கள் எழுதவில்லை. போர்டு போன மெஷினில் இப்போது ஒன்றும் பார்க்க முடியாது. ஆனால் அதோடு வாங்கிய மற்ற இரண்டும் ஓடுகின்றன, அவற்றில் பார்த்துவிடலாம். கீபோர்டில் உள்ள விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஸ்லாஷ் போட்டு, டி, எல், ஐ என்று தட்டி என்டர் அழுத்துங்கள். சில நொடிகளில் ஒரு சிறிய பெட்டி வரும். அதில் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்ற வரியின் கடைசியில் எந்தச் சேனல், அதாவது லைசன்ஸ் எந்த வழியாக வந்தது என்று இருக்கும். ‘ரீடெய்ல்’ என்று இருக்கலாம். ‘ஓஇஎம்’ என்று தொடங்கலாம். அதற்குப் பின்னால் ‘டிஎம்’ என்று வந்தால், விண்டோஸின் கீ, மதர்போர்டின் பயாஸ் சிப்புக்குள்ளேயே (மெஷின் எழும்போது முதலில் ஓடும் புரோகிராம் இருக்கும் சிப்) எழுதப்பட்டிருக்கும் வகை. விண்டோஸ் 8 வந்த 2012-இலிருந்து பிராண்டட் மெஷின்களில் இந்த முறைதான். அதனால்தான் புதிய மெஷின்களின் ஸ்டிக்கரில் கீ அச்சிட்டிருப்பதில்லை. போர்டு எரிந்தால் அந்தக் கீயும் அதோடு போய்விடுகிறது. ‘வால்யூம்’ என்றும், கீழே 180 நாள் காலக்கெடு என்றும் வந்தால், அது நிறுவனங்களுக்கான கேஎம்எஸ் முறை. அந்த முறையில் மெஷின் 180 நாளுக்குள் நிறுவனத்தின் சொந்த சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று கம்ப்யூட்டர் அச்சகத்தில் அப்படி ஒரு சர்வர் இருக்காது. அங்கே அந்த வரி வருகிறது என்றால், கடையில் யாரோ ஒருவர் ஏதோ ஒரு கருவியை ஓட்டி விண்டோஸை ஏமாற்றி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ‘ரீடெய்ல்’, ‘ஓஇஎம்’ என்று வந்துவிட்டாலும் அது மட்டும் சாட்சி ஆகாது. அப்படிக் காட்டவைக்கும் குறுக்குவழிகளும் புழக்கத்தில் இருக்கின்றன. 2019 பில்லை எடுங்கள். விண்டோஸுக்கென்று தனி வரியோ, பிராண்டட் மெஷின் என்றால் மாடல் விவரத்தில் விண்டோஸ் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். அந்த பில்லும், கேபினட்டில் உள்ள ஸ்டிக்கரும், பெட்டி இருந்தால் பெட்டியும்தான் உங்கள் டிக்கெட்.

சரி, ஓஇஎம் என்றே வைத்துக்கொள்வோம். போர்டு மாற்றலாமா? மைக்ரோசாப்ட் கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்குச் சொல்லிவந்திருக்கும் விளக்கம் இது. ராம், டிஸ்க், டிஸ்ப்ளே கார்டு, எஸ்எம்பிஎஸ் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், லைசன்ஸ் நிற்கும். மதர்போர்டை மட்டும், அது பழுதானதால் அல்லாமல் வேறு காரணத்துக்காக மாற்றினால், புதிதாக ஒரு கம்ப்யூட்டர் பிறந்ததாகக் கணக்கு. பழைய லைசன்ஸ் அதற்கு வராது. பழுதானதால் மாற்றினால் புது லைசன்ஸ் வேண்டாம். ஆனால் மாற்றாக வருவது அதே மாடலாகவோ, தயாரிப்பாளர் தன் வாரண்டியின்படி அதற்கு ஈடானது என்று சொல்லும் போர்டாகவோ இருக்க வேண்டும். ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் எந்த இடத்தில் பழைய மெஷின் முடிந்து புதிய மெஷின் தொடங்குகிறது என்று ஒரு கோடு வேண்டுமே, அந்தக் கோட்டை ப்ராசஸர் உட்காரும் போர்டில் கிழித்திருக்கிறார்கள். நியாயமான இடம்தான் என்பது என் எண்ணம். டிஸ்கிலோ ராமிலோ கிழித்திருந்தால் பாதி மெஷின்கள் ஒவ்வொரு வருடமும் புதிதாகப் பிறந்துகொண்டிருக்கும்.

இதுவரை சொன்னது உறுதி. இனிச் சொல்வது தெளிவில்லாத இடம். நீங்கள் ‘அக்செப்ட்’ அழுத்திய விண்டோஸ் 10 ஒப்பந்தத்தில் மதர்போர்டு என்ற சொல்லே கிடையாது. ‘டிவைஸ்’ என்று மட்டும் இருக்கிறது. அது என்ன என்றால், இந்த சாப்ட்வேரை ஓட்டக்கூடிய, உள்ளே ஸ்டோரேஜ் உள்ள ஹார்டுவேர் சிஸ்டம் என்கிறது. போர்டைப் பற்றிய விதி ஒப்பந்தத்துக்கு மைக்ரோசாப்ட் தரும் விளக்கம், ஒப்பந்தத்தின் வாசகம் அல்ல. அப்புறம், ஈடான போர்டு எது என்பதைத் தயாரிப்பாளரின் வாரண்டியை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்றால், வாரண்டி முடிந்து மூன்று வருடமான மெஷினுக்கு யார் முடிவு செய்வது? அசெம்பிள்ட் மெஷினுக்குக் கடைக்காரரே தயாரிப்பாளர், அவர் கடையை மூடிவிட்டால்? இதற்கெல்லாம் எழுத்தில் நேரான பதில் இல்லை. ஏதாவது ஒரு பதிலை அடித்துச் சொல்பவர் தன் அபிப்பிராயத்தைத்தான் சொல்கிறார்.

என் அபிப்பிராயத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸரும் ராமும் நன்றாக இருந்து, அதே சாக்கெட்டில் (ப்ராசஸர் உட்காரும் அமைப்பு) அதே தலைமுறை போர்டு (பழையதோ, வேறு பிராண்டோ) கிடைத்து, அதை மட்டும் மாற்றினால், அது பழுதுபார்ப்பு. மனசாட்சியோடு பழைய லைசன்ஸை ஓட்டுவேன். சர்வீஸ் பில்லில் “மதர்போர்டு பழுது, மாற்றப்பட்டது” என்று பழைய போர்டின் மாடலும் புதியதின் மாடலும் போட்டு எழுதி வாங்கிக்கொள்வேன். கடைக்காரர் சொல்வதுபோல் போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றையும் புதுத் தலைமுறைக்குக் கொண்டுபோனால், கேபினட் பழையது என்பதைத் தவிர அது புது மெஷின். பழுதில் தொடங்கியது என்றாலும் முடிந்த இடம் அப்கிரேடு. அங்கே புது விண்டோஸுக்குப் பணம் ஒதுக்கச் சொல்வேன். அப்படி வாங்கும்போது, விலை கொஞ்சம் கூடினாலும், தொழிலுக்கு ரீடெய்லே வாங்குங்கள். அடுத்த முறை போர்டு போனால் இந்தக் கேள்வியே வராது. மெஷின் பிராண்டடு என்றால், தெருமுனைக் கடைக்கு முன்னால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் விலை கேட்டுவிடுங்கள். அவர்களே மாற்றினால் ஈடான போர்டா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். மெஷினின் சீரியல் நம்பரும் விண்டோஸ் கீயும் புதிய போர்டில் ஏறியிருக்கிறதா என்று அங்கே வைத்தே சரிபார்த்து வாங்கி வாருங்கள். வீட்டுக்கு வந்தபின் பேசுவது கடினம்.

இனி நடைமுறை. பழைய எஸ்எஸ்டியைப் புதிய போர்டில் மாட்டினால் விண்டோஸ் 10 பெரும்பாலும் எழுந்துவிடும். டிரைவர்களைத் தேடிப் போட்டுக்கொள்ளும், அப்புறம் திரையின் வலது மூலையில் ஆக்டிவேட் செய்யச் சொல்லி மங்கலாக ஒரு வரி நிற்கும். 2016-இல் வந்த 1607 அப்டேட்டிலிருந்து, உங்கள் டிஜிட்டல் லைசன்ஸை மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்டோடு இணைத்து வைக்கலாம். போர்டு போவதற்கு முன் இணைத்திருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய், ட்ரபிள்ஷூட் அழுத்தி, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றினேன் என்ற வரியைத் தேர்ந்து, அந்த அக்கவுன்ட்டில் நுழைந்து, பழைய மெஷினின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்ய முடியாது, வரம்பு உண்டு. இணைக்காமல் விட்டிருந்தால், கையில் கீ உள்ளவர் அதைத் தட்டிப் பார்க்கலாம், ஏற்கவில்லை என்றால் மைக்ரோசாப்ட் உதவி மையத்தில் பேசலாம். கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். போர்டு பழுது, மாற்றினேன் என்றால் போதும். இன்று இரவே மற்ற இரண்டு மெஷின்களிலும் இந்த இணைப்பைச் செய்து வையுங்கள். ஊழியரின் அக்கவுன்ட்டில் இணைக்காமல், அச்சகத்தின் பெயரில் ஒரு அக்கவுன்ட் தொடங்கி அதில் இணையுங்கள்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சில வருடம் முன்னால் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு லேப்டாப்புக்கு போர்டு மாற்றினேன். மார்ச் கடைசி வாரம். திருகெல்லாம் போட்டு மூடி, பவர் பட்டனை அழுத்தினேன். விண்டோஸ் லோகோ வரவில்லை. நீலத் திரை வந்து, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரால் (விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருந்தது, அந்தப் பூட்டின் சாவியை வைத்திருந்த டிபிஎம் சிப் பழைய போர்டோடு போய்விட்டது. பிட்லாக்கரை யாரும் வேண்டுமென்று போடவில்லை. மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்ததும் அந்த லேப்டாப் தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அக்கவுன்ட், வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு தம்பியுடையது. அவரைத் தேடிப் பிடித்து, அவர் பாஸ்வேர்டை மீட்டு, அந்த 48 எண்களை ஆறு ஆறாக போனில் படிக்கச் சொல்லித் தட்டி முடிக்க இரண்டு நாள் ஆனது. ஆடிட்டர் அம்மா அந்த இரண்டு நாளும் சாப்பிடவில்லை. லைசன்ஸ் போனால் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அந்த எண் போனால் டிஸ்கில் உள்ளது போனதுதான். உங்கள் எஸ்எஸ்டியைக் கடையில் கொடுத்து ‘ஃபார்மட் பண்ணிப் போட்டுடுங்க’ என்று சொல்வதற்கு முன், அது பூட்டியிருக்கிறதா, பில் டேட்டா வேறு எங்காவது பேக்கப் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

புது விண்டோஸ் வாங்க வேண்டி வந்தால், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கீ கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அந்தக் கீகளில் பல, நிறுவனங்களின் வால்யூம் ஒப்பந்தத்திலிருந்து கசிந்தவை, அல்லது காயலான் கடைக்குப் போன பிராண்டட் மெஷின்களிலிருந்து எடுத்தவை. தட்டினால் ஆக்டிவேட் ஆகலாம். சில மாதம் கழித்து முடக்கப்படவும் செய்யலாம். முடக்கப்படாவிட்டாலும் அதோடு உரிமை வருவதில்லை. விற்பவர்கள் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைக் காட்டுவார்கள். 2012 ஜூலையில், ஆரக்கிள் நிறுவனத்துக்கும் யூஸ்டுசாஃப்ட் என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில், நிரந்தரமாக விற்ற சாப்ட்வேர் பிரதியை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது உண்மை. ஆனால் முதலில் வைத்திருந்தவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும், ஒன்றாக வாங்கிய லைசன்ஸைப் பிய்த்து விற்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தை வைத்துச் சொன்னது, இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. இங்கே 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமைப் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்கிறது. தொழிலுக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. அச்சகம் தொழில், அந்தச் சலுகை உங்களுக்குப் பொருந்தாது. பயமுறுத்தச் சொல்லவில்லை. ‘தெரிந்தே’ என்ற சொல் அந்தப் பிரிவில் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு வாங்கியவரிடம் பில் இருந்தால், தனக்குத் தெரியாது என்று சொல்ல ஓர் ஆதாரமாவது இருக்கும். அதனால்தான் பில், பில் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஆபீஸ் விஷயம் இதைவிட எளிது. தனியாக வாங்கிய ஆபீஸ் என்றால், வேறு மெஷினுக்கு மாற்றலாம், 90 நாளுக்கு ஒரு முறைதான். ஹார்டுவேர் பழுதானால் அந்த 90 நாள் காத்திருக்க வேண்டாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. ஆபீஸ் 2013 வந்த புதிதில் ஒரு மெஷினுக்கு ஒரு முறை என்று கட்டிப்போட்டார்கள். வாங்கியவர்கள் எதிர்த்தார்கள், 2013 மார்ச்சில் தளர்த்தினார்கள். மெஷினோடு இலவசமாக வந்த ஆபீஸ் என்றால் அது அந்த மெஷினோடு சரி. இன்னொன்று, லேப்டாப்போடு வரும் ‘ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்’ 2019, 2021 பதிப்புகள் தொழில் பயன்பாட்டுக்கு அல்ல. அச்சகத்தில் கொட்டேஷன் அடிக்க அதை வைத்திருந்தால், போர்டு மாறினாலும் மாறாவிட்டாலும் அது விதிக்கு வெளியேதான். ‘ஹோம் அண்ட் பிசினஸ்’ என்றால் தாராளமாக அடிக்கலாம். வெறும் கடிதமும் கணக்குமே என்றால் லிப்ரே ஆபீஸ் போதும், அதற்கு எந்த போர்டு மாறினாலும் யாரையும் கேட்க வேண்டாம்.

டாலியில் சரியான வழி, மெஷினை மாற்றும் முன் லைசன்ஸை ‘சரண்டர்’ செய்துவிட்டுப் புதிய மெஷினில் மறுபடி ஆக்டிவேட் செய்வது. போர்டு போன மெஷினில் சரண்டர் செய்ய முடியாது. அப்போது கைகொடுப்பது சீரியல் நம்பரும், லைசன்ஸ் பதிவு செய்த மின்னஞ்சலும்தான். அன்லாக் கீ அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். நான் பார்த்தவரை சிக்கல் எப்போதும் அந்த மின்னஞ்சலில்தான். விற்றவர் தன் ஐடியையோ, பழைய அக்கவுன்டன்ட் தன் ஐடியையோ போட்டு வைத்திருப்பார். இன்றே பாருங்கள். வேறு யாருடைய ஐடியாவது இருந்தால், அவர் கண்முன் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

அந்தத் தமிழ் டைப்செட்டிங் சாப்ட்வேர் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. டாங்கிள் (சாப்ட்வேர் ஓடுவதற்காக மெஷினில் செருகி வைக்கும் சிறிய சாவி போன்ற கருவி) உள்ளது என்று எழுதியிருக்கிறீர்கள். டாங்கிள் வைத்த சாப்ட்வேரில் லைசன்ஸ் டாங்கிளில்தான் இருக்கும், போர்டில் அல்ல. டாங்கிளை எந்த மெஷினில் செருகுகிறோமோ அங்கே ஓடும். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்களுடையது பிரிண்டர் ஒயர் செருகும் 25 பின் பேரலல் போர்ட் டாங்கிளா, யூஎஸ்பியா? பேரலல் என்றால் புதிய போர்டுகளில் அந்த போர்ட் பெரும்பாலும் இல்லை. யூஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் ஒயர் பிரிண்டருக்கு ஓடும், டாங்கிளுக்குப் பெரும்பாலும் ஓடாது. பேரலல் கார்டு போட்டுப் பார்க்கலாம், அதுவும் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறினால்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய மெஷின் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கும் அச்சகங்கள் எனக்குத் தெரியும், நான் அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். அந்த மெஷினை இன்டர்நெட்டில் மட்டும் இணைக்காதீர்கள். நிரந்தர லைசன்ஸ் வைத்திருந்தும் ஓட்ட முடியாமல் போவது இந்தத் துறையில் புதிதல்ல. 2012 டிசம்பரில் அடோபி நிறுவனம் தன் சிஎஸ்2 தொகுப்பின் (ஃபோட்டோஷாப் முதலியவை) ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் மறுபடி நிறுவ வழி இல்லாமல் போகக் கூடாது என்று ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டி வந்தது. அப்படிக் கொடுக்காத நிறுவனங்கள்தான் அதிகம். கடையை மூடிவிட்ட சிறிய தமிழ் எழுத்துரு நிறுவனங்களிடம் யார் போய்க் கேட்பது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழுதுபார்த்து அதே மெஷினை ஓட்டினாலும், பாதுகாப்பு அப்டேட்டுக்காக விண்டோஸ் 11-க்குப் போக வேண்டியிருக்கும். அதற்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத ப்ராசஸர் வேண்டும். 2019-இல் வாங்கிய மெஷின் என்பதால் ப்ராசஸர் தகுதி பெற வாய்ப்பு இருக்கிறது. டிபிஎம் பயாஸில் அணைந்து கிடக்கலாம், இன்டெல் போர்டுகளில் பிடிடி என்ற பெயரில் இருக்கும், போட்டுவிட்டால் போதும். செல்லுபடியாகும் விண்டோஸ் 10 லைசன்ஸ் உள்ள மெஷினுக்கு 11 இலவசம். வீட்டில் கிடக்கும் விண்டோஸ் 7 கீயை எடுத்துத் தட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த வழியை 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் மூடிவிட்டது.

சர்வர் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை: அங்கே கணக்கு போர்டில் இல்லை. விண்டோஸ் சர்வர் 2016-இலிருந்து கோர் (ப்ராசஸருக்குள் இருக்கும் தனித்தனி கணிப்புப் பகுதி) கணக்கு. ஒரு ப்ராசஸருக்குக் குறைந்தது 8, ஒரு சர்வருக்குக் குறைந்தது 16. கோர் அதிகமுள்ள ப்ராசஸருக்கு மாறினால் கூடும் கோர்களுக்கும் லைசன்ஸ் வாங்க வேண்டும். போர்டு அப்படியே இருந்தாலும்தான்.

கடைசியாக, கடைக்காரர் பழைய கேபினட்டை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லக்கூடும். கொடுக்கும் முன் அதன் பக்கவாட்டையும் மேல்பக்கத்தையும் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள். அச்சகத்துத் தூசியில் ஸ்டிக்கர் மறைந்திருக்கும். இருந்தால் போனில் தெளிவாக ஒரு படம் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள், கேபினட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். சிஸ்டம் பில்டர் லைசன்ஸ் என்றால் அந்த ஸ்டிக்கரும் உங்கள் டிக்கெட்டில் ஒரு பகுதி. மற்ற இரண்டு மெஷினில் என்ன சேனல் வந்தது, பில்லில் என்ன எழுதியிருக்கிறது, டாங்கிள் எந்த வகை என்ற மூன்றையும் எழுதுங்கள், அதை வைத்து இன்னும் திட்டமாகச் சொல்ல முடியும்.